பொருந்தாததை வெட்டிவிடுக

மூன்று உறைகள்.
பிற்பகல் இரண்டரைக்குத் திறக்கவேண்டும்.
சங்கானைப் பக்கம் சித்திரை மழை கறுத்து நிற்கிறது,
கூட்ட அறையில் கரண்ட் போய், வந்து, போகிறது.
யூட் அன்ரன் அரக்கு முத்திரையைப்
பேனை மூடியால் நெம்புகிறான்.

மதகு ஒன்று, வாய்க்கால் நூற்றிருபது மீற்றர்.
பெரிய வேலை இல்லை.
கொழும்பில் கேட்டால் சிரிப்பார்கள்.

முதல் உறை நாற்பத்தெட்டு லட்சம்.
இரண்டாவதில் பிணைமுறி இல்லை, ஒதுக்கியாயிற்று.
மூன்றாவது நாற்பத்து நாலரை.
கீழே கையொப்பம்: சி. குகபாலன்.
அந்தக் 'கு'வின் சுழி எனக்குத் தெரியும்.
மகளின் சாமத்திய வீட்டன்று
பத்தாயிரம் வைத்துத் தந்த உறையிலும்
இதே சுழிதான்.

செயலாளர் படிவத்தைத் தள்ளினார்.
'விலைமனுதாரருடன் உறவோ நலனோ
உண்டு / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடுக.'
உண்டென்றால் விபரம் எழுத ஒன்றரை வரி.

அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மருமகன்.
அதற்கே ஒரு வரி போய்விடும்.
ஆனால் அது உறவு மட்டும்.

நலன் வேறு.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
அவன் மருமகனும் இல்லை, ஒருத்தனும் இல்லை,
எதிர் ஒழுங்கைப் பெடியன்.
எனக்கு நூற்றிமூன்று காய்ச்சல்.
சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி என்னை இருத்தி
நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை உருட்டினான்,
ஓர் இரவும் மறுநாள் மத்தியானம்வரையும்,
சனத்துக்குள், மழைக்குள், அடிக்கு அடி.
தாயின் தையல் மிசினை
அந்தச் சைக்கிளில் கட்டியிருக்கலாம்.
விட்டுவிட்டு வந்தான்.
ஒரு தரமும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை,
இந்த உறையைப் போட்டபோதும்.
அதுதான் கஷ்டம்.
கேட்டிருந்தால் ஏசியிருப்பேன்.

கணக்காளர் குரலைத் தணித்தார்:
"இல்லை எண்டு போடுங்கோ தங்கச்சி.
யாழ்ப்பாணத்தில ஆர் ஆருக்குச் சொந்தமில்லை?
இப்பிடிப் பாத்தா மதகு கட்ட
மொனராகலையில இருந்துதான் ஆள் பிடிக்கவேணும்."
சிரித்தோம். நானும்தான்.
சரியான கதை.
குறைந்த தொகையும் அவனுடையதே.
ஒரு கோடு. யாருக்கும் நட்டமில்லாத ஒரு கோடு.

'இல்லை'யை வெட்டினேன்.
பேனை கடதாசியைக் கொஞ்சம் கிழித்தது.
விபரத்தில் 'உறவினர், கடன்பட்டவள்' என்று எழுத
செயலாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
"எவ்வளவு கடன்? தொகை போடவேணுமே."

தொகை போடவில்லை.

வராந்தா வாங்கில் முக்கால் மணித்தியாலம்.
மழை பெய்யாமலே கலைந்துபோனது.
பவுசருக்குத் தண்ணீர் நிரப்பும் சத்தத்தில்
உள்ளே கதைத்தது ஒன்றும் கேட்கவில்லை.
கேட்க முயலவில்லை என்று சொன்னால் பொய்.

அவனுக்கே கிடைத்தது.
அந்த வேலையை நான் மேற்பார்வை செய்யக்கூடாதென்று
கடிதம் வந்தது, பிரதிகள் மூன்று.

சண்டிலிப்பாயில் கதை வேறுமாதிரி நடந்தது.
உதவி செய்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போட மறுத்தாளாம்.
வெளியில் இருந்துகொண்டே காரியத்தை முடித்தாளாம்.
இரண்டையும் ஒரே வாய் சொன்னதாகவும் கேள்வி.
ஆடிப்பிறப்புக்குச் சின்னம்மா வீட்டிலிருந்து
கூழ் வரவில்லை, கொழுக்கட்டையும் வரவில்லை.

கார்த்திகையில் மதகு திறந்தார்கள்.
நாளுக்கு இரண்டு தரம் ஸ்கூட்டியில் கடக்கிறேன்.
இடப்பக்கச் சுவரில்
மயிரளவில் ஒரு வெடிப்பு.
சாந்து காய்ந்த சுருக்கமாக இருக்கலாம்.
உள்ளே கம்பி இடைவெளி கூடியதாகவும் இருக்கலாம்.
இறங்கிப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.
சொல்லவேண்டிய ஆள் இப்போது
உடுவிலில் இருந்து வருகிற புதுப் பெடியன்.

நேற்று தூறலுக்குள்
குகபாலன் அங்கே குந்தியிருந்து
அந்த வெடிப்பில் விரல் வைத்துக்கொண்டிருந்தான்.
என்னைக் கண்டும் எழும்பவில்லை.
நான் ஸ்கூட்டியை மெதுவாக்கினேன்,
நிறுத்தவில்லை.